அடுப்பு மூட்டும் வரை பழைய அட்டவணை

என் கணவர் ஜினதாச, தாம் நல்ல மனிதராக மாறப்போகும் நேரத்தை எனக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டார். சித்திரைப் புது வருடத்து அடுப்பு மூட்டும் சுபநேரம், காலை ஆறு நாற்பத்தொன்று. அதற்கு ஒரு நிமிடம் முன்னால்கூட அவரிடமிருந்து அன்பான வார்த்தை எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

"அதுவரைக்கும்?" என்று கேட்டேன்.

"அதுவரைக்கும் பழைய அட்டவணைதான் ஓடும்" என்றார்.

தெற்குக் கரை ரயில் பாதையில் பல ஊர்களில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்துவிட்டு வெலிகமவில் வந்து ஓய்ந்தவர். கையிலிருந்த கொடி இறங்கி எவ்வளவோ வருடமாகிவிட்டது, குரல் மட்டும் இறங்கவில்லை. எங்கள் தெருவில் அவரிடம் ஏச்சு வாங்காதவர்கள் யாருமில்லை. தெரு நாய்கூட எங்கள் கேட்டைக் கடக்கும்போது கொஞ்சம் ஓரமாகத்தான் போகும்.

அவருக்கு இந்தத் திருந்தும் ஆசை வந்தது அமரசிறி மாத்தயாவின் சாவு வீட்டில். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அதிபராக இருந்தவர், தெருவுக்கே மூத்தவர். மழைக்காலத்தில் ஒருநாள் பகல் தூக்கத்தில் போய்விட்டார். தெரு முழுக்க வெள்ளைக் கொடி. காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு த்ரீவீலரில் பாண் ரொட்டி விற்க வரும் லலித், அன்று பாட்டை நிறுத்திவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

திரும்பி வரும்போது என் கணவர் கேட்டார்.

"சுமனா, நான் செத்தா லலித் பாட்டை நிப்பாட்டுவானா?"

"சத்தத்தைக் கூட்டுவான்" என்றேன்.

அவர் சிரிப்பார் என்று நினைத்துத்தான் சொன்னேன். சிரிக்கவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டையும் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

பிறகு தை மாதத்தில் கிளினிக்கில் இரத்தத்தில் சீனி கூடிவிட்டது என்றார்கள். தினமும் நடக்க வேண்டும், தேநீருக்கு அரைக் கரண்டி சீனிக்கு மேல் போடக் கூடாது. வீட்டுக்கு வந்து, இரண்டையும் புது வருடத்திலிருந்து தொடங்குவதாகச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆட்களோட கொஞ்சம் நல்ல மாதிரியும் கதைக்கணும்" என்று மூன்றாவதையும் சேர்த்துக்கொண்டார். அதை எந்த டொக்டரும் சொல்லவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். சுடுகாட்டுக்கு இரண்டு ஸ்டேஷன் முன்னால் இறங்கிப் பழக்கத்தை மாற்றப் பார்க்கிறாரே என்று எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

ஆனால் உள்ளே இன்னொரு ஆசையும் இருந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

புது வருடத்தில் எங்களுக்குச் சுபநேரங்களுக்குக் குறைவில்லை. அடுப்பு மூட்ட ஒன்று, முதல் கவளம் உண்ண ஒன்று, வேலைக்குக் கிளம்ப ஒன்று. எனக்குப் பிடித்தது தலைக்கு எண்ணெய் வைக்கும் நேரம். வயதில் மூத்தவர் மூலிகை எண்ணெயைத் தொட்டு இளையவர்களின் தலையில் வைத்து, நோய் நொடியில்லாமல் இருக்க வாழ்த்துவார். எங்கள் தெருவில் எல்லாத் தலைகளும் குனிந்தது அமரசிறி மாத்தயாவின் கைக்குக் கீழேதான். அவர் போய்விட்டார். வயதில் அடுத்தவர் என் கணவர் என்று தெரு நினைத்துக்கொண்டிருந்தது. உண்மையில் நான் அவரைவிட மூன்று மாதம் மூத்தவள். கல்யாணத்தின்போது இரண்டு வீட்டாரும் கூடி அமுக்கிய விஷயம் அது. நானும் இதுவரை வாயைத் திறந்ததில்லை.

"இந்த வருஷம் எண்ணெய் கொஞ்சம் கூடக் காய்ச்சினா என்ன?" என்றார் ஒருநாள், பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலே.

"நம்ம ரெண்டு பேருக்கு எவ்வளவு வேணும்? உங்கட தலையில முடியும் இல்ல."

"இல்ல... யாராவது வந்தா?"

அந்த 'யாராவது வந்தா'வைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு கனத்துப்போனது. எங்கள் ஒரே மகன் இத்தாலியில் இருக்கிறான். அவன் தலை ஃபோனில் தெரியும், அதில் எண்ணெய் வைக்க முடியாது. இந்த மனிதர் தெருவை நம்பி உட்கார்ந்திருக்கிறார். அந்தத் தெருவைத்தான் இத்தனை வருடமாக ஏசி ஏசித் துரத்தியிருக்கிறார்.

நான் பேசாமல் ஒரு போத்தல் எண்ணெய் காய்ச்சினேன். கிணற்றடியில் அவர் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு வாழ்த்துச் சொல்லிப் பழகுவதையும் கேட்டேன். "கறுப்புக் காகம் வெள்ளையாகிற வரைக்கும் ஆயுசோட இரு." குரலை ஏற்றி ஒருமுறை, இறக்கி ஒருமுறை. வாளியைப் பார்த்துத்தான் சொன்னார். வாளிக்கு நல்ல ஆயுள்.

இவ்வளவு ஆசையிருக்கும் மனிதர் அன்றைக்கே வாயை அடக்கியிருக்கலாம். ஆனால் நேரம் வரவில்லையே! எதையும் நேரம் பார்த்துத்தான் தொடங்க வேண்டும் என்பதில் எங்கள் ஆட்கள் எல்லோருமே கொஞ்சம் பைத்தியம். இவர் ரயில்வே ஆள் வேறு. இருப்பு ஏச்சையெல்லாம் பழைய வருடத்திலேயே தீர்த்துவிட வேண்டும் என்பது போலப் பங்குனி முழுவதும் ஓயாமல் ஏசினார். பாட்டுச் சத்தத்துக்காக லலித்தை ஏசினார். பிள்ளைகள் பட்டம் விட்டார்கள், அதற்கும் ஏசினார். குயில் முந்திக் கூவிவிட்டது என்று ஒருநாள் அதையும் ஏசினார்.

பழைய வருடத்தின் கடைசி நாள் வந்தது. பிற்பகலில் நொனகதே தொடங்கிவிடும். பழைய வருடம் போய்ப் புது வருடம் இன்னும் நிலைக்கு வராத இடைநேரம் அது. அடுப்பு எரியக் கூடாது, சாப்பிடக் கூடாது, எந்த வேலையும் தொடங்கக் கூடாது, விகாரைக்கு மட்டும் போகலாம். அதற்குள் பலகாரத்தை முடித்துவிட வேண்டுமென்று நான் கொக்கிஸ் அச்சை எண்ணெய்ச் சட்டியில் முக்கிக்கொண்டு குசினியில் நின்றேன். ஜன்னல் வழியாக எங்கள் கேட் தெரியும்.

பக்கத்து வீட்டு ருவன் த்ரீவீலரைக் கொண்டுவந்து சரியாக எங்கள் கேட்டை அடைத்தாற்போல நிறுத்திவிட்டு, சாமான் மூட்டையோடு தன் வீட்டுக்கு ஓடினான். கொஞ்ச நேரத்தில் அவன் மனைவி துஷாரி கழுவிய ஈரத் தலையோடு வெளியே வந்து எங்கள் கேட்டை நோக்கி நடந்தாள். ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதே நேரம் இவரும் வாசலுக்கு வந்தார்.

"இது கேட்டா, த்ரீவீலர் ஸ்டாண்டா?"

"மாமா, இப்ப எடுத்திருவார். ஒரு விஷயம் சொல்ல..."

"விஷயம் கிடக்கட்டும்! முதல்ல வண்டியை எடு! நான் செத்தா பெட்டியை மதில் மேலாலயா தூக்கிப் போறது?"

"இல்ல மாமா, நான் வந்தது..."

"ஒரு வீட்டுக்கு முன்னாடி வண்டியை வைக்கக் கூடாதுன்னு உங்கட வீட்டில பெரியவங்க யாரும் சொல்லித் தரல்லியா?"

என் கையிலிருந்த அச்சு சட்டிக்குள் விழுந்துவிட்டது.

துஷாரிக்கு அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லை. கடல் ஊருக்குள் வந்த வருடம் ஒரே காலையில் இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவள் அப்போது இரண்டாம் வகுப்பு. மாத்தறையில் யாரோ சொந்தக்காரர் வீட்டில் வளர்ந்து, ருவனைக் கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தாள். இது என் கணவருக்குத் தெரியாததல்ல. கோபம் வந்தால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும், அதுதான் அவர் வியாதி. அதற்கு எந்தக் கிளினிக்கிலும் மருந்து தருவதில்லை.

அவள் குரலை உயர்த்தவில்லை.

"இல்ல மாமா. சொல்லித் தர யாரும் இருக்கல்ல" என்றாள்.

கையில் இருந்ததை மதில் மேல் வைத்துவிட்டு, தானே த்ரீவீலரைத் தள்ளி நகர்த்தினாள். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். இவர் வாசலில் அப்படியே நின்றார். அவள் சொன்னது அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. பிறகு உள்ளே வந்து சாய்மனைக் கதிரையில் உட்கார்ந்து பத்திரிகையை விரித்தார். பக்கத்தைப் புரட்டவேயில்லை.

நான் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய்ப் பார்த்தேன். மதில் மேல் இருந்தது ஒரு வெற்றிலைக் கட்டு. நல்ல அகலமான நாற்பது இலையாகப் பார்த்து, எல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்கி, வாழை நாரால் கட்டியிருந்தாள். எங்களில் வெற்றிலைக் கட்டோடு ஒருவர் வாசலுக்கு வந்தால் அது வெறும் வருகையல்ல. ஒன்று மரியாதை செய்ய வந்திருப்பார், அல்லது ஒன்றை வேண்டிக் கேட்க வந்திருப்பார்.

வேலியருகே போய் அவளைக் கூப்பிட்டேன். கண் சிவந்திருந்தது.

"என்ன மகள், எதுக்கு வந்த?"

"ஒண்ணுமில்ல மாமி."

"வெத்திலையோட ஒண்ணுமில்லாமலா வருவ? சொல்லு."

"எண்ணெய் வைக்கிற அன்னைக்கு மாமாகிட்ட வரலாமான்னு தெருவில எல்லாரும் கதைச்சாங்க. போய்க் கேக்க எல்லாருக்கும் பயம். நான் கேக்கிறேன்னு சொன்னேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "எனக்கும் வீட்டில பெரியவங்க இல்லதானே மாமி."

"இப்ப?"

"அன்னைக்கு விகாரைக்குப் போறோம். அங்க பெரிய பிக்கு சாமி எண்ணெய் வைப்பாரு. மத்தவங்களுக்கும் சொல்லிட்டேன்."

விகாரையில் மணி அடித்தது. தூரத்தில் வெடி கேட்டது. நொனகதே தொடங்கிவிட்டது.

நான் உள்ளே போய் வெற்றிலைக் கட்டை அவர் மடியில் விரித்திருந்த பத்திரிகை மேல் வைத்தேன்.

"என்ன இது?"

"வெத்திலை. கண்ணும் தெரியல்லியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். துஷாரி எதற்காக வந்தாள், யார் யார் வருவதாக இருந்தார்கள், இப்போது எண்ணெய்க்கு எங்கே போகப்போகிறார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது. கேட்டுக்கொண்டே வெற்றிலைகளை ஒரு விரலால் தடவிக்கொண்டிருந்தார். நான் எவ்வளவோ கோபத்தில் இருந்தேன். ஆனாலும் அந்த விரலைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"நாளைக்குக் காலைல அடுப்பு மூட்டினதும் முதல் வேலையாப் போய்க் கதைக்கிறேன்" என்றார்.

பாவமெல்லாம் பறந்துவிட்டது.

"நாளைக்கா?"

"இப்ப நொனகதே. இதுக்குள்ள ஒண்ணைத் தொடங்கினா உருப்படாது. உனக்குத் தெரியாதா?"

"அந்தப் பிள்ளையை ஏசினீங்களே, அதுக்குப் பஞ்சாங்கம் பாத்தீங்களா? ஏசுறதுக்கு நேரம் பாக்காத மனுஷன் மன்னிப்புக் கேக்க மட்டும் நேரம் பாக்கிறீங்களா?"

"சுமனா, நல்ல காரியத்தை நல்ல நேரத்தில..."

"அவ இந்த நிமிஷம் அழுதுகிட்டிருக்கா. அதுக்கு நல்ல நேரம் எப்போன்னு டிவியில சொன்னாங்களா?"

எனக்கு மூச்சு வாங்கியது. இந்த மனிதரோடு ஐம்பது வருடம் குடித்தனம் பண்ணியவள் நான், எந்தக் கதவை எப்படித் தட்டினால் திறக்கும் என்று எனக்குத் தெரியும். குரலை இறக்கினேன்.

"தொடங்கக் கூடாதுன்னுதானே சாஸ்திரம்? ஒண்ணையும் தொடங்காதீங்க. பழைய வருஷத்து மிச்சத்தை முடிச்சிட்டு வாங்க. முடிக்கக் கூடாதுன்னு எங்கயும் சொல்லல்ல."

ஸ்டேஷன் மாஸ்டர் யோசித்தார். சட்டத்தில் அப்படியொரு சந்து இருப்பது அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். எழுந்து, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டினார். நானும் பின்னாலேயே போனேன். தனியாக அனுப்பினால் மன்னிப்புக் கேட்கப் போய் வழக்கோடு திரும்பக்கூடிய ஆள்.

துஷாரி வீட்டு விறாந்தையில் ருவனும் அவளும் விகாரைக்குப் போக வெள்ளை உடுத்து நின்றார்கள். அவர்களுடைய சின்ன மகள் செனுலி செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். இவரைக் கண்டதும் ருவன் முகம் இறுகியது.

"வண்டியை எடுத்தாச்சுதானே மாமா" என்றான்.

"ம்ம். பாத்தேன்."

இவர் அவர்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேட்டை ஆட்டிப் பார்த்தார்.

"இந்தக் கீலுக்கு எண்ணெய் விடணும். துருப்பிடிச்சிட்டுது. இப்படியே விட்டா..."

நான் முதுகில் ஒரு குத்து விட்டேன். யாருக்கும் தெரியாமல்தான்.

அவர் கேட்டை விட்டார். துஷாரியைப் பார்த்தார்.

"மகள், வீட்டில பெரியவங்க சொல்லித் தரல்லியான்னு உன்னைக் கேட்டேனே. எனக்கு அப்பா அம்மா ரெண்டு பேரும் கன காலம் இருந்தாங்க. இருந்தும் ஒரு மனுஷியோட எப்படிக் கதைக்கிறதுன்னு நான் படிக்கல்ல. அது உன்ட பிழை இல்ல. என்ட பிழை."

இவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

துஷாரி உடனே உருகிவிடவில்லை. நானாக இருந்தாலும் உருகியிருக்க மாட்டேன். குனிந்து பிள்ளையின் செருப்பைக் கழற்றிச் சரியான காலில் மாட்டினாள். பிறகு, "சரி மாமா. நாங்க விகாரைக்குப் போகணும்" என்றாள். அவ்வளவுதான்.

நாங்கள் திரும்பி வந்தோம். அவர் வெற்றிலைக் கட்டை ஈரத்துணியில் சுற்றிப் புத்தர் படத்துக்குக் கீழே வைத்தார்.

மறுநாள் காலை நேரத்துக்கு அடுப்பு மூட்டினேன். பால் பொங்கி வழிந்தது, தெரு முழுக்க வெடி. பாற்சோறு வெட்டிச் சாப்பிட்டோம். தேநீருக்கு அரைக் கரண்டி சீனியைத் தானே அளந்து போட்டுக்கொண்டு, மருந்து குடிப்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு குடித்தார். பிறகு நடக்கக் கிளம்பினார், நானும் சேர்ந்து போனேன். தெரு முனையில் லலித் புதுச் சட்டையில் நின்றான்.

"தம்பி, சட்டை நல்லாயிருக்கு" என்றார் இவர்.

லலித் திடுக்கிட்டுச் சட்டையைக் குனிந்து பார்த்தான், பின்பக்கத்தையும் எட்டிப் பார்த்தான். "ஏன் மாமா, எங்கயாவது கிழிஞ்சிருக்கா?"

"இல்ல, இல்ல. நல்லாத்தான் இருக்கு."

கொஞ்ச தூரம் போனதும் இவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "நல்லா கதைக்கிறது பெரிய வேலையா இருக்கே, சுமனா!"

"பழகப் பழக வரும்" என்றேன். "நீங்க ஏசப் பழகினதும் ஒரே நாளில இல்லதானே."

அன்று கவும், கொக்கிஸ், வாழைப்பழமெல்லாம் அடுக்கி, மேலே வெள்ளைத் துணி மூடித் துஷாரி வீட்டுக்கு ஒரு தட்டம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், சிரித்தாள், ஆனால் நிறையப் பேசவில்லை. தட்டம் அன்று திரும்பி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வெறும் தட்டத்தைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் எங்களில் இல்லை. அதனால் நானும் கேட்கவில்லை.

எண்ணெய் வைக்கும் நாள் வந்தது. விடியும்போதே எழுந்து வெள்ளைச் சாரத்தை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டார். பஞ்சாங்கம் சொன்ன திசையைப் பார்த்து விறாந்தையில் கதிரை போட்டார். தலைக்கு மேலே ஆலிலை கட்டினார், காலடிக்கு விளா இலை பரப்பினார். எண்ணெய்க் கிண்ணத்தை முக்காலியில் வைத்துவிட்டு நின்றார். யாரும் வரமாட்டார்கள் என்று இருவருக்கும் தெரியும். இருந்தாலும் நான் வாசலைக் கூட்டி வைத்திருந்தேன்.

விகாரையில் மணி அடித்தது. சுபநேரம் பிறந்துவிட்டது. தெருவில் வெள்ளை உடுத்தவர்கள் எங்கள் கேட்டைத் தாண்டிப் போவது தெரிந்தது. துஷாரியின் குரலும் கேட்டது, செனுலி ஏதோ கேட்டு அடம்பிடித்தாள். ருவனின் த்ரீவீலர் கிளம்பிப் போனது, காலடிச் சத்தங்களும் தேய்ந்துபோயின. கடிகாரத்தைப் பார்ப்பதும் கேட்டைப் பார்ப்பதுமாக இவர் நின்றார். அந்த முகத்தை நான் பார்க்க விரும்பவில்லை.

"சரி, நீயாவது வந்து உக்காரு" என்றார் கடைசியில். "இவ்வளவு எண்ணெய் காய்ச்சியிருக்க."

"நானா? உங்கட கையால எனக்கு வைக்க ஏலாது."

"ஏன், உனக்கும் இன்னும் கோபமா?"

"கோபமில்ல. நான் உங்களைவிட மூணு மாசம் மூத்தவ. இளையவர் மூத்தவ தலையில கை வைக்கலாமா?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது, அந்த நாட்களில் அதுதான் முதல் சிரிப்பு. "அதை இன்னும் மறக்கல்லியா நீ!"

"இந்த வீட்டில பெரியவ நான்தான். உக்காருங்க."

உட்கார்ந்தார். தலையைக் குனிந்தார். அமரசிறி மாத்தயாவைத் தவிர வேறு யாருக்கும் முன்னால் அந்தத் தலை குனிந்து நான் பார்த்ததில்லை, பின்னங்கழுத்தில் இவ்வளவு சுருக்கம் இருப்பதே அன்றுதான் தெரிந்தது. அறுகம்புல்லை எண்ணெயில் தோய்த்து உச்சியில் வைத்தேன். வழுக்கைத் தலை, எண்ணெய் நிற்காமல் நெற்றி வழியாக மூக்குக்கு வந்தது.

"கறுப்புக் காகம் வெள்ளையாகிற வரைக்கும் ஆயுசோட இருங்க" என்றேன். "வாய் கொஞ்சம் இனிப்பாகட்டும். சீனி போடாம."

கேட் கிறீச்சிட்டது.

துஷாரி நின்றாள். கையில் என் தட்டம், மேலே அதே வெள்ளைத் துணி. பக்கத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ருவன். பின்னால் லலித்தும் அவன் மனைவியும். அதற்கும் பின்னால் தெருக்காரர்கள் சிலர், உள்ளே வருவதா வேண்டாமா என்று நின்றார்கள். எல்லோரும் இவர் குனிந்த தலையையும் மூக்கில் சொட்டும் எண்ணெயையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் துடைக்கக்கூட மறந்துபோய் எழுந்து நின்றார்.

"விகாரைக்குன்னுதான் வெளிக்கிட்டோம் மாமா" என்றாள் துஷாரி. "பாதி வழியில திரும்பிட்டோம். அங்க சாமி ஊருக்கெல்லாம் வைப்பாரு. நீங்க நொனகதேயிலயும் எங்கட வீட்டு வாசலுக்கு வந்தீங்க. அது எங்களுக்காக மட்டும்தானே." கடிகாரத்தை எட்டிப் பார்த்தாள். "நேரம் தாண்டிட்டுதா?"

தாண்டிவிட்டது. அவரும் பார்த்தார். ஒரு நிமிடம் தாமதமானால் ஸ்டேஷனையே தலைகீழாக்கிய மனிதர்.

"தாண்டினா என்ன" என்றார். "லேட்டா வந்த ரயிலும் ஸ்டேஷனுக்குத்தானே வருது. வா மகள், உக்காரு."

அவள் தட்டத்தை என்னிடம் தந்துவிட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்தாள். இவர் எண்ணெயைத் தொட்டார். கிணற்றடியில் வாளிக்கு அத்தனை முறை சொன்ன வாழ்த்து இப்போது ஒரு வார்த்தைகூட வரவில்லை. காகமெல்லாம் எங்கேயோ பறந்துவிட்டது. உள்ளங்கையை அவள் உச்சியில் வைத்தார்.

"சொல்லித் தர யாரும் இல்லன்னு இனி உன்கிட்ட யாரும் சொல்லக் கூடாது" என்றார். "நானே கோபத்தில சொன்னாலும் நம்பாத."

அவள் தோள் குலுங்கியது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது, தட்டத்தை மூடியிருந்த துணியிலேயே துடைத்துக்கொண்டேன்.

பிறகு செனுலி, ருவன், லலித், அவன் மனைவி என்று ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். லலித்தின் தலையில் வைக்கும்போது, "பாட்டுச் சத்தம்..." என்று தொடங்கிவிட்டு, "நல்ல பாட்டுத்தான்" என்று முடித்தார். நான் காய்ச்சிய போத்தல் எண்ணெய் போதுமா என்று எனக்குக் கவலை வந்தது. அவருக்கு மறந்துபோன வாழ்த்துகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

கடைசித் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு நிமிர்ந்தவர் கேட்டைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார்.

"ருவன், வண்டியை எங்க வச்சிருக்க?"

ருவன் துஷாரியைப் பார்த்தான். துஷாரி என்னைப் பார்த்தாள்.

"அது... பாதியில திருப்பிக்கிட்டு வந்த அவசரத்தில..." என்று இழுத்தான். "உங்கட கேட்டுக்கு முன்னாடிதான் மாமா."

விறாந்தையில் ஒருவரும் அசையவில்லை. அவர் நெற்றியில் கோப நரம்பு புடைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். அதன் மேல் எண்ணெய் மினுங்கியது. வாய் திறந்தது. ஒருமுறை விழுங்கிக்கொண்டார்.

"நிக்கட்டும்" என்றார்.